ஹஸ்கிக்கு மே மாதம் தெரியுமா?

வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவர் பதில்கள்

எந்த நாய் வளர்க்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். முக்கால்வாசிப் பேர் நாயின் நிறம், காது, ரோமம், கண் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறார்கள். வீட்டில் காலை ஐந்தரைக்கு யார் எழுந்திருப்பார், மத்தியானம் இரண்டு மணிக்கு யார் இருப்பார் என்று எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாதி நாய்கள் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும். சில பதில்கள் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். திட்டி எழுதுங்கள், படிக்கிறேன்.

நானும் கணவரும் ஐ.டி.யில் வேலை செய்கிறோம். பெருங்குடியில் நான்காவது மாடியில் வீடு. காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகிவிடும். சைபீரியன் ஹஸ்கி குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், நீலக் கண். பகல் முழுக்க ஏ.சி. போட்டுவிட்டுப் போகத் தயார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

வேண்டாம் அம்மா.

ஹஸ்கி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஏ.சி.யைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஏ.சி. குளிர்ச்சி தரும், ஓட்டம் தருமா? சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய் அது. இன்றைக்கு மைல் கணக்கில் ஓடிவிட்டு நாளைக்கும் ஓடத் தயாராக நிற்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த உடம்பு. அதைப் பதினொன்றரை மணி நேரம் ஹாலில் பூட்டி வைத்தால் சோபாவைப் பிரிக்கும், கதவைச் சுரண்டும், அப்புறம் ஊளையிடும். ஹஸ்கி குரைப்பது குறைவு, ஊளைதான் அதிகம். நான்காவது மாடி ஊளை மூன்றாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் சமமாகக் கேட்கும்.

வெயிலுக்கு வருவோம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சென்னையில் மே மாதம் வெயிலும் ஈரமும் ஒன்றாகத்தான் வரும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனைத்தான் ஓட்டும், ஏ.சி.யை ஓட்டாது. ரோமத்தை ஒட்ட வெட்டிவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். வெட்டாதீர்கள். அது இரண்டு அடுக்கு ரோமம். மேல் அடுக்கு வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. வெட்டிவிட்டால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதே இல்லை.

2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை கொண்டுவந்தது. இந்த ஊர் வெப்பத்துக்கு ஒத்துவராதவை, உடலமைப்பாலேயே அவதிப்படுபவை என்று சில இனங்களை அதில் பட்டியல் போட்டார்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் அதில் உண்டு. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஹஸ்கியைப் பொறுத்தவரை பட்டியலின் மருத்துவக் காரணத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹஸ்கி மட்டுமல்ல, எந்த இனத்துக் குட்டியும் உங்கள் நேரத்துக்கு ஒத்துவராது. இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் நான்கு தடவை சாப்பிடும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கும். யார் துடைப்பது?

நாயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று வயதான ஒரு நாட்டு நாயைத் தத்தெடுங்கள். ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் கேட்டுப் பாருங்கள். வளர்ந்த நாயின் குணம் கண்முன்னால் தெரியும். குட்டை ரோமம், இந்த ஊர் வெயிலில் பிறந்த உடம்பு. முதல் சில வாரம் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும், அதை அதன்போக்கில் விட்டுவிடுங்கள். மத்தியானம் ஒருமுறை வந்து கீழே கூட்டிப்போக நம்பகமான ஆள் வேண்டும். ஆள் கிடைத்த பிறகு நாயைத் தேடுங்கள், நாய் வந்த பிறகு ஆளைத் தேடாதீர்கள். கோடையில் நடை எல்லாம் காலை ஆறரைக்குள், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நாய் வளர்க்கவே கூடாது என்கிறார். லிஃப்டிலும் ஏற்றக் கூடாதாம். சரியா?
– வாசகர், அம்பத்தூர்

சரியில்லை. வளர்ப்பு நாயைச் சங்கம் தீர்மானம் போட்டுத் தடை செய்ய முடியாது, லிஃப்டை மறுக்கவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். கூடவே மாநகராட்சி உரிமம், ரேபிஸ் தடுப்பூசி அட்டை இரண்டையும் காட்டுங்கள். நாய் படியில் அசிங்கம் செய்தால் நீங்களே உடனே சுத்தம் செய்யுங்கள். அவர் கோபத்தில் பாதி அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுவது நல்லது.

வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பு இருக்கிறது. இரவில் காட்டுப்பன்றி வருகிறது. காவலுக்கு ராஜபாளையம் நாய் வாங்கலாம் என்று நான் சொல்கிறேன். மச்சினன் அல்சேஷன்தான் வேண்டும் என்கிறான். எது நல்லது?
– விவசாயி, விருதுநகர் மாவட்டம்

உங்களைப் போன்ற தோட்டக்காரருக்கு எழுதுவது எனக்குச் சுலபம், ஏனென்றால் நாய்க்கு அங்கே வேலை இருக்கிறது. வேலை இருக்கிற நாய் பெரும்பாலும் வம்பு செய்யாது.

தோப்புக் காவலுக்கு என் ஓட்டு ராஜபாளையத்துக்கு, இல்லையென்றால் தேனிப் பக்கத்துக் கோம்பைக்கு. அல்சேஷன் சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் அதனுடன் தினமும் ஒருவர் உட்கார்ந்து பழக வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த இனத்தில் அதிகம். அடர்ந்த ரோமத்தில் உண்ணி ஒளிந்தால் தேடி எடுப்பதும் கஷ்டம். ஆடு மாடு மேயும் தோப்பில் உண்ணிக்குப் பஞ்சமிருக்காது, உண்ணிக் காய்ச்சல் நாயைச் சில நாளில் சாய்த்துவிடும். எந்த நாயாக இருந்தாலும் வாரம் ஒருமுறை காதுமடல், விரலிடுக்கு இரண்டையும் விரித்துப் பாருங்கள்.

ராஜபாளையம் உயரமான நாய், நின்றால் தோள் இரண்டேகால், இரண்டரை அடி வரும். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்குத்தான். ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து ஒரு குறையும் வருகிறது. சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. இரவுக் காவலுக்குச் செவிட்டு நாயை வைத்து என்ன செய்வீர்கள்? குட்டி தூங்கும்போது அதற்குத் தெரியாமல் பின்பக்கம் போய் ஒரு தட்டைத் தட்டுங்கள். தரை அதிரக் கூடாது, காற்று அதன்மேல் படக் கூடாது. காது அசைய வேண்டும், குட்டி விழிக்க வேண்டும். கூட்டத்தோடு இருக்கும்போது சோதித்தால் மற்றக் குட்டிகளைப் பார்த்து அதுவும் திரும்பும், ஏமாந்துவிடாதீர்கள். தனியாகச் சோதியுங்கள்.

கோம்பை கொஞ்சம் சிறியது, செவலை நிறம், வாய்ப் பக்கம் கறுப்பு. முரட்டுத் தைரியம். பகலில் ஆள் நடமாட்டம் குறைந்த தோப்புக்கு மிகவும் பொருந்தும். இரண்டில் எதை வாங்கினாலும், மாங்காய் பறிக்க வருகிற ஆட்களையும் பால்காரரையும் குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிடுங்கள். இவை வீட்டாரிடம் ஒட்டும், வெளியாளை நம்பாது. இருபத்து நான்கு மணி நேரமும் சங்கிலியில் கட்டி வைத்த ராஜபாளையம் கடைசியில் யாரையாவது கடித்தே தீரும். அது இனத்தின் குற்றம் இல்லை.

பன்றி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நாய் குரைத்து உங்களை எழுப்ப வேண்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. நாயை ஏவி வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றியின் கொம்புப் பல் நாயின் வயிற்றைக் கிழித்து வந்தால் தைப்பது என்னைப் போன்றவர்கள்தான். அதைவிட முக்கியம், உங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் ஓரம். அங்கே சிறுத்தை உண்டு. இரவில் வெட்டவெளியில் சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த படையல். கம்பிவலை போட்டு, மேலேயும் மூடிய கொட்டகை ஒன்று கட்டுங்கள். முடிந்தால் இரண்டு நாயாக வளருங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் ரேபிஸ் ஊசி: மூன்று மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும். எலி நடமாடும் தோப்பு என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பும் சேர்ந்த ஊசியாகக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு வயது 70, மனைவிக்கு 66, முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனவள். கும்பகோணத்தில் தனியாக இருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் மகன் வருகிற ஜனவரியில் வரும்போது துணைக்கு ஒரு லாப்ரடார் குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். எங்களால் முடியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஐயா, மகனிடம் முதலில் இதைக் கேளுங்கள். பேரப் பிள்ளையைப் பார்க்க நீங்கள் இருவரும் ஆறு மாதம் அமெரிக்கா போனால் நாய் எங்கே இருக்கும்? அதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால் குட்டியைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

பதில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். லாப்ரடார் நல்ல குணமுள்ள நாய். ஆனால் ஒரு வயதில் அது 25, 30 கிலோ உடம்புள்ள குழந்தை. தெருமுனையில் இன்னொரு நாயைப் பார்த்ததும் பாயும். கயிறு அம்மாவின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அப்புறம் சாப்பாடு. லாப்ரடார்களில் கணிசமானவற்றுக்குப் பசி அடங்காமல் செய்கிற ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், நீங்கள் காபிக்குத் தொட்டுக்கொள்கிற பிஸ்கட்டில் ஒன்றைப் போடுவீர்கள், அம்மா அடுக்களையிலிருந்து ஒன்றைப் போடுவார்கள். இரண்டு பேரும் மற்றவருக்குத் தெரியாமல் போடுவீர்கள். மூன்று வருஷத்தில் நாய் படியேற முடியாமல் என்னைப் போன்றவரிடம் வரும். தூக்கிக்கொண்டு வரவும் உங்களால் முடியாது.

துணை வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்குக் குட்டி எதற்கு? நாலைந்து வயதான, சிறிய, அடங்கிய நாயாகப் பாருங்கள். நம் ஊரில் பொமேரியன் என்று கூப்பிடுகிறோமே, பெரும்பாலும் அது இந்தியன் ஸ்பிட்ஸ். சிறிய வகை ஐந்து முதல் ஏழு கிலோதான் இருக்கும். நம் வெயிலில் பல தலைமுறையாகப் பழகிவிட்டது. மித்தத்தில் ஓடினாலே அதற்குப் பாதி நடை ஆகிவிடும். நிறையக் குரைக்கும், அது உண்மை. தனியாக இருக்கிற வீட்டில் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ரோமத்தை நாளுக்கொரு தரம் சீவ வேண்டும், பல்லில் காரை சீக்கிரம் படியும், மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பெரியவர் யாராவது வளர்க்க முடியாமல் வீடு தேடுகிற நாய் உங்கள் ஊரிலேயே கிடைக்கலாம். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் சொல்லி வையுங்கள்.

கோவையில் கல்லூரி படிக்கிறேன். சிப்பிப்பாறை வாங்கி, தினமும் பைக்கோடு ஓடவிட ஆசை. சரியா டாக்டர்?

தம்பி, நாய் சரி, பைக் வேண்டாம். சிப்பிப்பாறை கண்ணால் இரையைப் பார்த்துத் துரத்துகிற இனம். வெடித்து ஓடும், பிறகு ஓய்வெடுக்கும். ரோட்டில் வண்டி வேகத்துக்குக் கட்டி இழுத்தால் பாதமும் மூட்டும் கெடும். பூனை குறுக்கே போனால் நீயும் விழுவாய். சுவர் வைத்த மைதானம் கிடைத்தால் காலையில் அவிழ்த்துவிடு. பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்களா என்று முதலில் பார். வளர்த்தால் அந்தக் கோழிக்கு நீதான் பணம் கட்டுவாய்.

விலா எலும்பு லேசாகத் தெரிவது இதற்கு இயல்பு. தெருவில் எல்லோரும் சோறே போடுவதில்லையா என்று கேட்பார்கள். அவர்கள் சொல்கிறார்கள் என்று கொழுக்க வைத்துவிடாதே. டிசம்பர் இரவில் அதற்குக் குளிரும், ஒரு கோணி விரித்துக் கொடு. அறுவைச் சிகிச்சை எதுவும் வந்தால் மெலிந்த வேட்டை இனம் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்து. சில மயக்க மருந்துகள் இவற்றின் உடம்பில் அதிக நேரம் தங்கும். படிப்பு முடிந்து வேலைக்குப் பெங்களூரு போனால் நாயை அம்மா தலையில் கட்டுவதாகத் திட்டம் இருந்தால், அம்மாவையும் இப்போதே கேட்டுவிடு.

நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. எங்கள் வீட்டில் நாய் வளர முடியுமா? தயிர்ச் சாதம் போதுமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

வளர முடியும், தயிர்ச் சாதம் மட்டும் போதாது. நாயால் மாவுச்சத்தைச் செரிக்க முடியும், ஆனால் புரதம் வேண்டும். வேகவைத்த பருப்பு, பனீர், சோயா சேர்த்து, சத்து அளவைக் கணக்கிட்டு ஒரு மருத்துவரிடம் அட்டவணை வாங்குங்கள். சிறிய அல்லது நடுத்தர அளவு நாய் என்றால் சமாளித்துவிடலாம். கிரேட் டேன், ராட்வீலர் போன்ற பெரிய இனத்துக் குட்டியை இந்தச் சாப்பாட்டில் வளர்க்க ஆசைப்படாதீர்கள், எலும்பு வளர்ச்சியில் விளையாட முடியாது. மீந்த சாம்பார் சாதம் கூடவே கூடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம்தான்.

மகனுக்கு ஆஸ்துமா. ரோமம் கொட்டாத ஷீ ட்சு வாங்கினால் பிரச்சினை இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார்.
– வாசகி, திருச்சி

கடைக்காரர் விற்கிறார். ஒவ்வாமை தருவது ரோமம் அல்ல; நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிற புரதம்தான். ஒவ்வாமையே தராத இனம் என்று எதுவும் கிடையாது. முதலில் பிள்ளையின் டாக்டரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், நாய் இருக்கிற உறவினர் வீட்டுக்குப் பல தடவை அழைத்துப் போய்ச் சில மணி நேரம் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

ஆன்லைன் விளம்பரத்தில் 35 நாள் பக் குட்டி, பஸ் பார்சலில் அனுப்புகிறோம் என்கிறார்கள். விலை பாதிதான். நம்பலாமா?
– வாசகர், சேலம்

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017 நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. 35 நாளில் தாயிடமிருந்து பிரித்தால் கடிக்கும் அளவு, விளையாடும் முறை எதையும் அது கற்றிருக்காது. நேரில் போங்கள், தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் ஊரில் இல்லை என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி வந்த நாலைந்து நாளில் ரத்த வயிற்றுப்போக்கோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களை எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பார்த்திருக்கிறோம். பார்வோ கிருமி குட்டியின் உடம்பில் விற்பனைக்கு முன்பே புகுந்திருக்கும், அறிகுறி உங்கள் வீட்டில் வரும்.

பக் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2003-ல் பக் நாயைக் காட்டி ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் வந்த பிறகு ஊரெல்லாம் பக் கேட்டார்கள். அதன் மூக்குத் துளை குறுகல், தொண்டைச் சதை அதிகம், கண் வெளியே துருத்தியிருக்கும். குறட்டை விடுவதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது மூச்சுக்குத் திணறுகிற சத்தமாகத்தான் கேட்கிறது. சேலத்து வெயிலில் அது எப்படி இரைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதி விலையில் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆணா, பெண்ணா?
– வாசகர், நாகர்கோவில்

எதுவானாலும் மருத்துவர் சொல்லும் வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். பெண் நாய்க்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும், தெரு நாயெல்லாம் வாசலில் நிற்கும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆண் நாய் வாசனை பிடித்து வேலி தாண்டும். குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பெண் குட்டி என்றால் விலையைக் குறைப்பார்கள், பேரம் பேசுங்கள்.

வீட்டுக்கு வரப்போகும் குட்டிக்கு நல்ல பெயர் ஒன்று சொல்லுங்களேன் டாக்டர்.
– எட்டாம் வகுப்பு மாணவி, தென்காசி

இரண்டு எழுத்து, மூன்று எழுத்துக்குள் வை பாப்பா. 'வா', 'நில்' மாதிரி ஒலிக்கிற பெயர் வேண்டாம், குட்டி குழம்பிவிடும். வீட்டில் யாருடைய செல்லப் பெயரும் வேண்டாம், அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். டைகர், புல்லட், ராக்கி மூன்றும் என் கிளினிக்கில் இடம் இல்லாத அளவுக்கு நிறைந்துவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம் கம்பவுண்டர் "டைகர், உள்ளே வா" என்றால் மூன்று குடும்பம் எழுந்து நிற்கிறது.